கணிதப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் முன் பிளஸ் 1 புத்தகத்தைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகளையொட்டி, மேல்நிலை வகுப்பில் எந்தப் பிரிவில் சேரலாம் என்று தாங்கள் வெளியிட்ட வழிகாட்டிப் பக்கத்தைப் படித்தேன். எந்தப் பிரிவுக்கு எந்தப் பட்டப்படிப்பு என்ற பட்டியலில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால், கணிதத்தை எடுக்கலாமா என்ற கேள்விக்கு, பத்தாம் வகுப்புக் கணிதத்தில் நல்ல மதிப்பெண் பெற்றவர்கள் தாராளமாக எடுக்கலாம் என்று ஒரே வரியில் பதில் சொல்லி முடித்திருந்ததை ஏற்க முடியவில்லை. தருமபுரி மாவட்டத்தின் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் முதுகலைக் கணித ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளில் செய்முறை வடிவியலுக்கு 8 மதிப்பெண், வரைபடத்துக்கு 8 மதிப்பெண், ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு 14 மதிப்பெண். ஆக, 30 மதிப்பெண்ணைக் கைப்பழக்கத்தாலும் மனப்பாடத்தாலும் ஏறக்குறைய முழுமையாகவே எடுத்துவிடலாம். மீதமுள்ள இரண்டு, ஐந்து மதிப்பெண் வினாக்களிலும் புத்தகக் கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்த மாணவர் நன்றாகவே தேறிவிடுவார். அதைத் தவறென்று சொல்லவில்லை. அந்த மதிப்பெண் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்பதுதான் கேள்வி.

ஜூன் மாதம் திறக்கப்படும் பிளஸ் 1 புத்தகம் கணங்கள், தொடர்புகள், சார்புகள் என்று தொடங்கி, அடிப்படை இயற்கணிதத்துக்கும் முக்கோணவியலுக்கும் போகிறது. பரவளையத்தைப் பிசிறில்லாமல் வரைந்து முழு மதிப்பெண் வாங்கிவந்த மாணவரிடம், ‘ஓர் எண்ணுக்கும் 3-க்கும் உள்ள வேறுபாட்டின் மட்டு மதிப்பு (கூட்டல், கழித்தல் குறியைப் பார்க்காத அளவு) 5-ஐவிடக் குறைவு, அந்த எண் எங்கே இருக்கும்?’ என்று கேட்டால், 8-ஐவிடக் குறைவு என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவார். கழித்தல் 2-ஐவிடப் பெரியதாகவும் இருக்க வேண்டும் என்ற மறுபாதி அவருக்குத் தோன்றாது. அதே வகுப்பில், பத்தாம் வகுப்பில் 70-ஐ ஒட்டி மதிப்பெண் பெற்ற ஒருவர் எண்கோடு ஒன்றைக் கிறுக்கிக் கொஞ்ச நேரம் யோசித்து, ‘ரெண்டு பக்கமும் வரும் சார்’ என்று சொன்னதும் உண்டு. எத்தனையோ பள்ளிகளில் சேர்க்கை மேசையில் 70 என்ற எண்ணைப் பார்த்தவுடன் கணிதப் பிரிவு இல்லை என்று திருப்பி அனுப்பப்படுபவர் இந்த இரண்டாமவர்தான். பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு குறைந்துவிடும் என்ற பயம் தலைமையாசிரியர்களுக்கு இருப்பது எனக்கும் தெரியும்.

சேர்க்கை மேசையில் பெற்றோர் கேட்கும் கேள்விகளையும் சொல்ல வேண்டும். ‘கம்ப்யூட்டர் குரூப் எடுத்தா கணக்கு இருக்காதுங்களா சார்?’ என்று கேட்காத ஆண்டில்லை. இயற்பியல், வேதியியல், கணிதம், கணினி அறிவியல் என்பதுதான் அந்தப் பிரிவு. கணக்குக்குப் பயந்து அதில் சேர்ந்தவர்கள் முதல் வாரத்திலேயே திகைத்துப் போகிறார்கள். வணிகக் கணிதமும் புள்ளியியலும் ‘சும்மா கடைக்கணக்கு’ என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. அந்தப் பாடத்தின் பிளஸ் 1, பிளஸ் 2 புத்தகங்களிலும் அணிகள், வகையீடு, தொகையீடு, நிகழ்தகவு எல்லாம் உண்டு. பட்டயக் கணக்காளர் படிப்பின் அடித்தளத் தேர்விலும் கணிதத்துக்கும் புள்ளியியலுக்கும் தனித்தாள் இருப்பதால், அந்தக் கனவுடைய வணிகவியல் மாணவர்கள் இப்பாடம் உள்ள பள்ளியைத் தேடிச் சேர்வது நல்லது. கணிதம் இல்லாத தூய அறிவியல் பிரிவில் சேர்பவர்களும் பிளஸ் 1 இயற்பியலின் இரண்டாம் அலகிலேயே வெக்டரையும் வகை நுண்கணிதத்தையும் சந்திக்கிறார்கள் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

கணிதத்தை விட்டால் எந்தக் கதவுகள் மூடும் என்பதைத் தங்கள் பக்கம் தெளிவாகவே சொல்லியிருந்தது. பொறியியல் தரவரிசையின் 200 மதிப்பெண்ணில் 100 கணிதத்துக்குரியது. கட்டடக்கலைப் படிப்புக்கும், தேசியப் பாதுகாப்புக் கழகத்தின் கடற்படை, விமானப்படைப் பிரிவுகளுக்கும் கணிதம் கட்டாயம். இவற்றை மீண்டும் விவரிக்கத் தேவையில்லை.

நான் அதிகம் கவலைப்படுவது, கணிதத்தை எடுத்தவர்களுக்கு பிளஸ் 1-இல் என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான். நம் பகுதித் தனியார் உறைவிடப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு காலத்தில் பிளஸ் 1 புத்தகத்தைப் பெயருக்குத் திறந்து மூடிவிட்டு, இரண்டு ஆண்டுகளும் பிளஸ் 2 பாடத்தையே நடத்திய வழக்கம் ஊரறிந்த ரகசியம். அதைத் தடுக்கத்தான் பிளஸ் 1-க்குப் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டு 2018 மார்ச்சில் முதன்முறையாக நடத்தப்பட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அத்தேர்வை விலக்கியிருக்கிறது. 15, 16 வயதுப் பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் பொதுத்தேர்வு என்பது பெரும் சுமை என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் கணிதத்தைப் பொறுத்தவரை இதன் விளைவு மற்றப் பாடங்களைவிடக் கடுமையாக இருக்கும். பிளஸ் 1 கணிதத்தின் இரண்டாம் தொகுதியில்தான் அணிகள், வெக்டர், எல்லைகள், வகையீடு, தொகையீடு, நிகழ்தகவு ஆகியவை இருக்கின்றன. ஆண்டின் பிற்பாதியில் நடத்த வேண்டிய இவைதான், நேரம் போதவில்லை என்றால் முதலில் கைவிடப்படுபவை. பிளஸ் 2 புத்தகமோ இவற்றின் ‘பயன்பாடுகள்’ என்றே தலைப்பிட்டு அடுக்கடுக்காக வருகிறது. அடித்தளம் போடாத வீட்டுக்கு மாடி எழுப்பும் வேலை இது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. பாலக்கோட்டுத் தக்காளி விவசாயியின் பிள்ளையும், அஞ்செட்டி மலைக்கிராமத்துப் பிள்ளையும் பர்கூர், செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரிகளை நினைத்துப் பார்க்க முடிகிறதென்றால் அதில் இந்த ஒதுக்கீட்டுக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் படிப்பின் முதல் பருவக் கணிதத் தாளிலேயே வகையீடும் தொகையீடும் அடங்கிய நுண்கணிதம் வந்துவிடுகிறது. பிளஸ் 1-இல் தொகையீட்டைத் தொடாமல் வந்த பிள்ளை அந்தத் தாளில் அரியர் வைத்தால், அந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராது என்றுதான் ஊர் பேசும்.

ஆகவே, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் முதன்மைக் கல்வி அலுவலர்களுக்குத் தங்கள் இதழ் வாயிலாக இரண்டு வேண்டுகோள்கள். மதிப்பெண்ணைக் காரணம் காட்டி எவருக்கும் கணிதப் பிரிவை மறுக்காமல், விரும்பியவர்களை அமரவைத்து பிளஸ் 1 கணிதப் புத்தகத்தின் முதல் இரண்டு பாடங்களை நடத்தி, ஒரு சிறு தேர்வு வைத்து, அதன் பிறகு மாணவரே முடிவெடுத்துப் பிரிவு மாறிக்கொள்ள ஜூலை மாதம் வரை இடம் தர வேண்டும். அடுத்தது, பிளஸ் 1 ஆண்டுத் தேர்வுக் கணிதத்துக்கு மாவட்ட அளவில் பொது வினாத்தாள் தயாரித்து, புத்தகத்தின் 12 பாடங்களிலிருந்தும் வினாக்கள் இடம்பெறச் செய்ய வேண்டும். காரிமங்கலம் பள்ளியின் விடைத்தாள்களைப் பாலக்கோட்டு ஆசிரியரும், பாலக்கோட்டு விடைத்தாள்களைப் பென்னாகரம் ஆசிரியரும் திருத்தும்படி ஏற்பாடு செய்தால் போதும். தனியார் பள்ளிகளையும் இதில் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலைக் கணித ஆசிரியர்,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.