தீபாவளிக்கு முன் சாலையோர வியாபாரிகளுக்கு இடம் குறித்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்
கடைவீதி சிறு கடைக்காரர்கள், சாலையோர வியாபாரிகள் அனைவருக்காகவும்
தையல் சாமான் கடைக்காரர்.

பெறுநர்
உயர்திரு நகராட்சி ஆணையர் அவர்கள்,
நகர விற்பனைக் குழுத் தலைவர்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: தீபாவளி வியாபாரம் தொடங்குமுன் நகர விற்பனைக் குழுவைக் கூட்டி, கடைவீதியில் சாலையோர வியாபாரிகளுக்கு இடம் அளந்து தரவும், கடைசி நாட்களில் அப்புறப்படுத்துவதைத் தவிர்க்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் கடைவீதியில் 22 ஆண்டுகளாகத் தையல் சாமான் கடை வைத்திருக்கிறேன். நூல்கண்டு, கொக்கி, லைனிங் துணி, சேலைக்கு ஃபால்ஸ், இவைதான் என் வியாபாரம். ஷட்டர் போட்ட கடை. தொழில் உரிமக் கட்டணம் தவறாமல் கட்டி வருகிறேன். தரையில் சாக்கு விரித்து விற்பவர்களுக்காக இவன் ஏன் மனு எழுதுகிறான் என்று தாங்கள் நினைக்கலாம். போன தீபாவளியில் நடந்ததைச் சொன்னால் அது விளங்கிவிடும்.

பண்டிகைக்கு நான்கு நாள் முன்பு, மாலை ஆறு மணி இருக்கும். ஆக்கிரமிப்பு அகற்றும் லாரி வந்தது. என் கடைக்கு நேர் எதிரே கண்ணாடி வளையல் விற்கும் அம்மா பத்து நிமிடம் அவகாசம் கேட்டார். வளையலைக் காய்கறி போல அள்ள முடியாது, ஐயா. டஜன் டஜனாக நூலில் கோத்து, காகிதம் சுற்றி, பெட்டியில் படுக்க வைத்து அடுக்க வேண்டும். அவகாசம் கிடைக்கவில்லை. இரண்டு பேர் சாக்கின் நான்கு முனைகளையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினார்கள். உள்ளே வளையல்கள் நொறுங்கிய சத்தம் கல்லாவில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது.

என்னென்ன எடுத்தார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட அவரிடம் தரவில்லை. மறுநாள் காலையிலிருந்து அலுவலகத்துக்கு நடந்தார். தீபாவளி முடிந்து ஆறாம் நாள்தான் சாக்கு கைக்கு வந்தது. பாதிக்கு மேல் உடைந்திருந்தது. உடையாதவற்றை வாங்கவும் அப்போது ஆள் இல்லை. அந்தச் சரக்கை அவர் தண்டலுக்குப் பணம் வாங்கிப் போட்டிருந்தார். 20,000 ரூபாய் என்று எழுதி, கையில் 17,000 கொடுத்து, தினம் 200 வீதம் நூறு நாள் கட்டும் கணக்கு. வளையல் போன மறுநாள் காலையும் தண்டல்காரர் வந்து நின்றார். பொங்கல் கழிந்த பிறகும் அவர் அந்த 200 ரூபாயைக் கட்டிக்கொண்டிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

வந்த பணியாளர்கள் மீது எங்களுக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு வந்த உத்தரவை அவர்கள் செய்தார்கள். அதற்கு முந்தைய நாள் ஓர் ஆம்புலன்ஸ் தெருவுக்குள் மாட்டிக்கொண்டு பின்னால் வர முடியாமல் நின்றதையும் நான் மறைக்கவில்லை. தெரு அடைபட்டது உண்மை. பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே அளந்து கோடு போட்டிருந்தால் அந்த வண்டியும் மாட்டியிருக்காது, அந்த வளையலும் உடைந்திருக்காது என்பதுதான் எங்கள் ஆதங்கம்.

என் சொந்தக் கணக்கையும் சொல்கிறேன். தரைக்கடைகள் போனதும் எங்கள் கடைகளில் கூட்டம் கூடும் என்று ஷட்டர் கடைக்காரர்கள் சிலர் எதிர்பார்த்தார்கள். நானும் எதிர்பார்த்தேன். நடந்தது நேர்மாறு. வளையல், பொட்டு, பாசிமணி, பிள்ளைகளுக்கு ரெடிமேட் சட்டை என்று வாங்க வருகிறவர்கள்தான், வந்த கையோடு சேலையைக் காட்டி ஃபால்ஸும் அதே நிறத்தில் நூலும் கேட்பார்கள். அப்படியே பக்கத்துக் கடையில் பாத்திரம், அதற்கடுத்து ஒரு டீ. தரைக்கடை இல்லாத தெருவுக்கு அவர்கள் வரவில்லை. அந்த நான்கு நாளும் என் கல்லாவில் விழுந்தது அதற்கு முந்தைய ஆண்டில் விழுந்ததில் பாதி. எங்கள் தெருவில் யார் யாரால் பிழைக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த மனுவில் ஷட்டர் கடைக்காரர்களும் கையெழுத்திட்டிருப்பதற்குக் காரணம் அதுதான்.

தீபாவளி வியாபாரம் என்பது பத்து நாள் வியாபாரம். ஐப்பசி மழையில் அதிலும் நாலைந்து நாள் போய்விடும். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் கையில் சனிக்கிழமைதான் கூலி வரும். மில் வேலைக்காரர்களுக்கு போனஸ் கடைசி வாரம்தான் வரும். எனவே வாங்குபவர்களுக்கும் விற்பவர்களுக்கும் உண்மையில் கிடைப்பது மூன்று நான்கு மாலைப் பொழுதுகள். அந்த மாலைகளில் லாரி வந்தால் ஒரு வருடக் கடன் அப்படியே நிற்கும். ஆன்லைனில் வாங்குவோரை நாங்கள் தடுக்க முடியாது, தடுக்கச் சொல்லவும் இல்லை. எங்கள் தெருவுக்கு நடந்து வருகிறவர்களை இழக்காமல் இருந்தால் போதும்.

சட்டமும் இதற்கு வழி வைத்திருக்கிறது. சாலையோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம் 2014-ல் வந்தது. கணக்கெடுப்பு முடித்து விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று அதன் 3ஆம் பிரிவு சொல்கிறது. இடம் மாற்றவோ வெளியேற்றவோ வேண்டுமானால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்கிறது 18ஆம் பிரிவு. சரக்கைப் பறிமுதல் செய்தால் பட்டியல் தர வேண்டும். கட்டணம் கட்டிக் கேட்டவுடன், கெட்டுப்போகும் பொருளை அன்றே, மற்றதை இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது 19ஆம் பிரிவு. அந்தப் பட்டியலும் அந்த இரண்டு நாளும் கிடைத்திருந்தால், வளையல் அம்மாவுக்குப் பண்டிகைக்கு முன்பே மிச்சச் சரக்காவது கைக்கு வந்திருக்கும். தெருக்கள் நடப்பதற்கு மட்டுமே என்று சொல்லி, முறைப்படுத்தப்பட்ட வியாபாரத்தை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 1989-ல் சோதன் சிங் வழக்கில் சொல்லிவிட்டது.

மேற்படி சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவுக்குத் தாங்களே தலைவர். அதன் உறுப்பினர்களில் 40 சதவீதத்துக்குக் குறையாதவர்கள் சாலையோர வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்களாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாகவும் இருக்க வேண்டும். எங்களில் யாருக்கும் அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று நினைவில்லை.

ஆகவே தங்களிடம் நாங்கள் கேட்பது இதுதான். இந்த மாதக் கடைசிக்குள் அந்தக் குழுவைக் கூட்டுங்கள். நகரமைப்புப் பிரிவு, போக்குவரத்துக் காவல், தீயணைப்பு நிலையம் மூன்றும் எங்களோடு ஒருநாள் கடைவீதியை நடந்து பார்க்கட்டும். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் போகும் அகலத்தை முதலில் விட்டுவிட்டு, மீதியில் வெள்ளைக் கோடு போட்டு எண் எழுதிக் கொடுங்கள். யாருக்கு எந்த எண் என்பது பெயருடன் நகராட்சிப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். அப்படி ஒட்டிவிட்டால், இடத்துக்கு இவ்வளவு என்று தனியாகக் கை நீட்டுவோருக்கும் வேலை இருக்காது. கோட்டைத் தாண்டி உட்காருபவர் யாராக இருந்தாலும் முதல் எச்சரிக்கையை நாங்களே கொடுப்போம். கேட்காதவர் மீது தாங்கள் நடவடிக்கை எடுத்தால் ஒருவரும் பரிந்து வர மாட்டோம். ஷட்டர் கடைக்காரர்களான நாங்களும் வாசலுக்கு வெளியே பெஞ்சு போட்டு, பொம்மை நிறுத்தி இடத்தை அடைக்க மாட்டோம் என்று எழுதித் தருகிறோம். இந்த விஷயத்தில் எங்கள் மீதும் தவறு உண்டு.

பெண் வியாபாரிகள் சொல்லச் சொன்ன ஒன்று உண்டு. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் இரவு பதினொன்றுக்குத்தான் எழுகிறார்கள். கழிப்பறை போக இடமில்லாததால் மதியத்துக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை. கடைசிப் பத்து நாளுக்கு ஒரு நடமாடும் கழிப்பறை வண்டியை மார்க்கெட் முனையில் நிறுத்திக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும். அது பொருள் வாங்க வரும் பெண்களுக்கும் உதவும்.

கடன் விஷயமும் தங்கள் அலுவலகத்தில்தான் நிற்கிறது. 2020-ல் தொடங்கிய பிரதமர் ஸ்வநிதி திட்டத்தில் முதல் தவணைக் கடன் இப்போது 15,000 ரூபாய் வரை. சான்றிதழோ நகராட்சியின் பரிந்துரைக் கடிதமோ இருந்தால்தான் வங்கி அசைகிறது. எங்கள் தெருவில் பலரிடம் இரண்டும் இல்லை, அதனால்தான் தண்டலுக்குப் போகிறார்கள். சரக்கு எடுக்கும் நேரத்துக்குள் கடைவீதியிலேயே ஒருநாள் முகாம் போட்டுப் பரிந்துரைக் கடிதங்களைக் கொடுக்கும்படி வேண்டுகிறோம். ஆதார் நகல், புகைப்படம் எல்லாம் வாங்கி அடுக்கி வைத்துத் தருவது எங்கள் பொறுப்பு.

வளையல் அம்மா இந்த ஆண்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். எவ்வளவு சரக்கு எடுக்கலாம் என்று போன வாரம் என்னிடம் கேட்டார். இடம் தெரியாமல் நான் என்ன சொல்ல முடியும்? அடுத்த வாரம் அவர் கேட்கும்போது தங்கள் அறிவிப்பைக் காட்டிப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடைவீதி சிறு கடைக்காரர்களும் சாலையோர வியாபாரிகளும்

இணைப்பு: கையெழுத்துப் படிவம், கடைவீதியின் கையால் வரைந்த வரைபடம்.