ஆச்சியின் கத்தி

செங்கோட்டை
ஆனி 14

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று மாசம் ஆச்சு. அந்தக் கோபத்தையெல்லாம் சேர்த்து வைத்து ஊருக்கு வரும்போது திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சுகம். சாரல் விழுகிறது, அருவியில் நல்ல தண்ணி. பெரியக்கா முழங்கால் வலியோடு திருமலைக்கோயில் படி ஏறிவிட்டு வந்து, இப்போது என்னைத் தைலம் தேய்க்கச் சொல்கிறாள். நீ கேட்ட மோர்மிளகாய் இந்தச் சாரலில் காயாது. பொறு.

நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. போன திங்கட்கிழமை என் பத்தாம் வகுப்புப் பையன் ஒருத்தனின் பையில் கத்தி இருந்ததுடி.

செல்போன் இருக்கிறதா என்றுதான் பையைத் திறந்தேன். நோட்டுக்கும் சாப்பாட்டு டப்பாவுக்கும் நடுவில், மலையாளப் பேப்பரில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தான். பிடியில் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றியிருந்தது. அலகில் பலாப்பிசின் கறுத்து ஒட்டியிருந்தது. அவன் ஆச்சி ஆரியங்காவுப் பக்கம் தோட்ட வேலைக்குப் போகிறவள். வீட்டில் பழம் அறுக்கிற கத்தி.

"யாரைலே குத்தப் போற?" என்று கேட்டுவிட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "ஓடைப்பாலம் தாண்டுத வரைக்கும்தான் டீச்சர். அங்கிட்டுப் போய்ட்டா வேண்டாம்" என்றான்.

அன்று சாயங்காலம் அவனோடு நானும் நடந்தேன். பாலத்துச் சுவரில் நாலு பேர். படிப்பை விட்டவன் ரெண்டு பேர், மற்ற ரெண்டு பேரும் நம் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தன் எழுந்து வணக்கம் வைத்தான். என் பக்கத்தில் வந்தவனுக்கு மூச்சு வாங்கியது எனக்குக் கேட்டது செல்வி. ஒரு மாசத்துக்கு முன்னால் அவன் கையில் கட்டியிருந்த சாதிக் கயிற்றின் நிறத்தைப் பார்த்து அறுத்து ஓடையில் எறிந்திருக்கிறார்கள். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் சித்தப்பா அருவாளை எடுத்துவிடுவார் என்று பயம்.

எச்.எம். ஒரே பேச்சாக, "டி.சி. குடுத்து அனுப்பிருவோம்" என்கிறார். அவர் பயமும் நியாயம்தான். 2023-இல் நாங்குநேரியில் கூடப் படித்த பையன்களே சாதிப் பகையில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டினார்களே, அதற்கப்புறம் இந்தப் பக்கத்து வாத்தியார் யாருக்குத் தூக்கம் வரும்? அதை ஒட்டி அரசு போட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கலர் கயிறு, மோதிரம், நெற்றியில் சாதி அடையாளம் எதுவும் பள்ளிக்கூடத்தில் கூடாது என்றார்கள். சரியான பேச்சு, நான் முழு மனசோடு ஏற்கிறேன். ஆனால் பாலத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கயிறு இல்லாமலே தெரியும், எவன் எந்தத் தெரு என்று.

நீ எழுதியிருந்தாயே, உங்கள் இங்கிலாந்தில் 2024 செப்டம்பரில் ஜாம்பி கத்தி என்கிற, பார்த்தாலே பயமுறுத்துகிற பெரிய கத்திக்குத் தடை, 2025 ஆகஸ்டில் நிஞ்ஜா வாளுக்குத் தடை என்று. மூன்று அங்குலத்துக்கு உட்பட்ட மடக்குக் கத்தி தவிர, தகுந்த காரணம் இல்லாமல் எந்தக் கத்தியோடு வெளியே போனாலும் நாலு வருஷம் வரைக்கும் ஜெயில் என்று. 'தற்காப்புக்கு' என்று சொன்னால் அது காரணமே இல்லையாம். அப்படியும் கொலையில் அகப்படுவது பெரும்பாலும் அடுப்படிக் கத்திதான் என்று நீதான் எழுதினாய். அதைத்தான் நான் திங்கட்கிழமை கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நம் ஆயுதச் சட்டம் அலகு ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளம், இல்லாவிட்டால் ரெண்டு அங்குலத்துக்கு மேல் அகலம் என்று கணக்குச் சொல்கிறது. அதிலும் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தது என்றால் விலக்கு. விலக்கு இல்லாமல் எப்படி? உங்கப்பா இடுப்பில் வெட்டருவாளோடு பள்ளிக்கூட வாசலுக்கு உன்னைக் கூப்பிட வருவாரே! கணக்கு டீச்சர் கதவுக்குப் பின்னால் நின்றது ஞாபகம் இருக்கா? 2021-இல் டிஜிபியாக இருந்த சைலேந்திரபாபு, அருவாள் வாங்குகிறவன் பெயர், விலாசம், எதற்கு வாங்குகிறான் என்பதையெல்லாம் எழுதி வைக்கும்படி பட்டறைக்காரர்களுக்குச் சொன்னார். ஆச்சி பரணில் இருக்கிற கத்தியை எந்த நோட்டில் எழுதுவது?

எனக்கு நெஞ்சை அடைப்பது இன்னொன்று. அந்தப் பையன் ஏன் நடந்து போகிறான் தெரியுமா? நாலேகால் டவுன் பஸ், இலவசப் பாஸ் பிள்ளைகள் கூட்டமாக நிற்பதைப் பார்த்தால் ஸ்டாப்பைத் தாண்டிப் போய்த்தான் நிற்கிறது, ஓடிப்போய்ப் பிடிக்க முடிந்தால் பிடி என்று. பஸ் ஒழுங்காக நின்றால் அவன் அந்தப் பாலத்தில் கால் வைக்க வேண்டியதே இல்லை. கயிறு, அருவாள், அங்குலம் என்று இத்தனை பேர் பேசுகிறோம், ஒருத்தராவது அந்த ஸ்டாப்பில் போய் நின்று பார்த்தோமா? பணிமனைக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வியாழக்கிழமை ஒரு நாள் நின்றது. வெள்ளிக்கிழமை நிற்கவில்லை.

எச்.எம்.மிடம் கெஞ்சி ரெண்டு வாரம் தவணை வாங்கியிருக்கிறேன். டி.சி. வாங்கியவன் எங்கே போவான் சார், அந்தப் பாலத்துக்குத்தானே என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. போலீசுக்குச் சொல்லியிருக்க வேண்டுமோ என்று ராத்திரி முழுக்க யோசிக்கிறேன். பதினெட்டு வயசுக்கு உட்பட்டவனிடம் சீருடை இல்லாமல் வந்து பேசவேண்டும், லாக்கப்பில் வைக்கக்கூடாது என்று சிறார் சட்டம் சொல்கிறது. ஜீப் வந்து வாசலில் நின்றுவிட்டால் தெரு அதையெல்லாம் பார்க்குமா? நாளைக்கு அவன் வேறு கத்தியை எடுத்து, யார்மீதாவது பட்டுவிட்டால், தெரிந்தும் மறைத்தவள் நான்தானே. நீ என்ன நினைக்கிறாய் என்று ஒளிக்காமல் எழுது.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தில் 2005-இல் போலீஸே தனிப் பிரிவு வைத்து, வன்முறையைத் தொற்றுநோய் மாதிரி பார்த்து, எங்கிருந்து பரவுகிறது என்று தேடிப் போனார்கள் என்று எழுதியிருந்தாயே. பள்ளிக்கூடத்தில் என்ன செய்தார்கள் என்று கேட்டு விவரமாக எழுது. எச்.எம்.மிடம் காட்ட வேண்டும்.

கத்தி இன்னும் என் பீரோவில் சேலைக்கு அடியில்தான் இருக்கிறது. ஆச்சி ரெண்டு தடவை ஆள் விட்டுவிட்டாள், பலாப்பழம் அழுகுது, கத்தியைக் குடுத்து விடுங்க என்று.

உன்
பார்வதி