மதிகேடன் சார்பில் ஒரு வார்த்தை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்தவ நம்பிக்கைக்கும் பகுத்தறிவுக்கும் ஒத்துப்போகாது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை பாதி தணிந்துவிட்டது, ஏனென்றால் கட்டுரையாளர் சொல்வதில் பாதியை நானே எங்கள் சபையில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம்.

'அபத்தமாக இருப்பதால் நம்புகிறேன்' என்று தெர்த்துல்லியன் என்ற பழங்காலக் கிறிஸ்தவ எழுத்தாளர் சொன்னார், கிறிஸ்தவ இறையியலின் அஸ்திவாரமே அதுதான் என்கிறார் கட்டுரையாளர். இந்த வாக்கியம் எல்லா ஊரிலும் சுற்றுகிறது. ஆனால் தெர்த்துல்லியன் நூல்களில் இப்படி ஒரு வாக்கியம் கிடையாது, பிற்காலத்தில் யாரோ சுருக்கித் திரித்தது. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் இருந்துகொண்டு அவர் எழுதியது வேறு. கிறிஸ்துவுக்கு நிஜமான உடம்பு இருந்திருக்க முடியாது, பிறப்பும் சதையும் கடவுளுக்கு வெட்கக்கேடு என்று மார்சியோன் என்பவரின் கூட்டத்தார் சொன்னார்கள். அவர்களுக்குப் பதிலாகத்தான், அடக்கம் பண்ணப்பட்டவர் உயிர்த்தெழுந்தார், 'அது நிச்சயம், ஏனென்றால் அது நடக்க முடியாதது' என்று போடு போட்டார். சூடான வாக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒருவன் கதை கட்டுவதானால் நம்பும்படியாகக் கட்டுவான், யாரும் கற்பனைகூடச் செய்யாத ஒன்றைச் சொல்கிறான் என்றால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும் என்ற வகை வாதம் அரிஸ்டாட்டிலின் பேச்சுக்கலை நூலிலேயே இருக்கிறது, தெர்த்துல்லியன் அந்தப் பாணியில்தான் பேசுகிறார் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. 'ஏதென்ஸுக்கும் எருசலேமுக்கும் என்ன சம்பந்தம்?', அதாவது கிரேக்கத் தத்துவத்துக்கும் விசுவாசத்துக்கும் என்ன உறவு என்று கேட்டவரும் இவர்தான், அதையும் மறைக்கவில்லை. ஆனால் பகுத்தறிவு கடவுளுக்குச் சொந்தமானது, அவர் எதையும் அறிவுக்கு உட்படாமல் ஏற்படுத்தவில்லை என்று மனந்திரும்புதல் பற்றிய நூலில் எழுதியவரும் இதே ஆள். வக்கீல் மாதிரி வாதாடுகிறவரின் ஒரு வரியை மட்டும் பிய்த்து எடுத்தால் இப்படித்தான் ஆகும்.

சரி, கட்டுரையாளருக்கு அந்த எண்ணம் எங்கிருந்து வந்திருக்கும்? தெர்த்துல்லியனைப் படித்து வந்திருக்காது. எங்களைப் பார்த்துத்தான் வந்திருக்கும்.

எனக்குப் பதினான்கு வயதில் ஞாயிறு பள்ளியில் ஒரு கேள்வி கேட்டேன். ஆதியாகமத்தில் சூரியன் நாலாம் நாள்தான் உண்டாகிறது, அப்படியென்றால் முதல் மூன்று நாளுக்கு சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி வந்தது? 'உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்' என்ற நீதிமொழிகள் வசனத்தைச் சொல்லி, பத்துத் தடவை எழுதிக்கொண்டுவா என்றார் வகுப்பெடுத்த அண்ணன். எழுதினேன். பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, அதே கேள்வியை மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிஜென் என்ற வேத விளக்கவுரையாளர் கேட்டிருக்கிறார் என்று. சூரியனும் சந்திரனும் நட்சத்திரமும் இல்லாமல் முதல் மூன்று நாள் சாயங்காலமும் விடியற்காலமும் இருந்தது என்று புத்தியுள்ள எவன் நினைப்பான், இது வேறு ஏதோ உண்மையைச் சொல்லும் உருவகம் என்று அவர் வெளிப்படையாக எழுதினார். அவருடைய மற்ற கருத்துகளுக்காகச் சபை அவரைப் படுத்தியது தனிக் கதை. பழைய சபையின் பெரிய இறையியலாளரான அகுஸ்தீனும் இதே இடத்தில் முட்டி மோதியிருக்கிறார். ஆதியாகம விளக்கவுரையில் அவர் எரிச்சலோடு ஒன்று சொல்கிறார்: பூமி, வானம், நட்சத்திரங்களின் ஓட்டம் பற்றி விசுவாசி அல்லாதவனுக்குக்கூடக் கணக்குப் போட்டுத் தெரிந்த விஷயங்கள் இருக்கும், அவனிடம் போய் ஒரு கிறிஸ்தவன் வேதத்தில் இருக்கிறது என்று உளறினால் அவன் சிரிப்பான், நம் புத்தகம் இதிலேயே தப்பு என்றால் உயிர்த்தெழுதலைப் பற்றி அது சொல்வதை அவன் எப்படி நம்புவான்? இது நடந்து ஆயிரத்து அறுநூறு வருஷம் ஆகிறது. எங்கள் கன்வென்ஷன் பிரசங்கியார்களுக்கு இதைப் பத்துத் தடவை எழுதச் சொல்ல வேண்டும்.

அந்த நீதிமொழிகள் வசனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், சாயாதே என்றுதான் இருக்கிறது, தூக்கி எறி என்று இல்லை. அடுத்த அதிகாரத்திலேயே 'என்னத்தைச் சம்பாதித்தாலும் புத்தியைச் சம்பாதித்துக்கொள்' என்று வருகிறது. ரோமர் 12-இல் பவுல் கேட்பதும் 'புத்தியுள்ள ஆராதனை'. கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல், வார்த்தை என்றும் அறிவு என்றும் பொருள்படும் லோகோஸ் என்பதிலிருந்து பிறந்தது. நம்முடைய பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அதைப் பிடித்துப் புத்தி என்று போட்டிருக்கிறார்கள், ஞாயிறுதோறும் அதை வாசிக்கிறோம், அந்தச் சொல்லின்மேல் மட்டும் நின்று யாரும் பிரசங்கித்து நான் கேட்டதில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம். 1077, 78 வாக்கில் நார்மண்டியின் பெக் மடத்தில் ஆன்செல்ம் என்ற துறவி ஒரு சின்ன நூல் எழுதினார். முதலில் அதற்கு அவர் வைத்திருந்த தலைப்பே 'புரிந்துகொள்ளத் தேடும் விசுவாசம்' என்பதுதான், பிறகுதான் ப்ரோஸ்லோகியோன் ஆயிற்று. இதைவிடப் பெரிதாக ஒன்றை நினைக்கவே முடியாது என்பதுதான் கடவுள் என்றால், அது நினைப்பில் மட்டும் இருந்துவிட முடியாது, ஏனென்றால் நினைப்பிலும் நிஜத்திலும் இருப்பது அதைவிடப் பெரிதாகிவிடும், ஆகவே கடவுள் இருக்கிறார் என்பது வாதம். 'தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்' என்ற சங்கீத வசனத்தில் வருகிற அந்த மதிகேடனை எதிரில் உட்காரவைத்துத்தான் வாதாடுகிறார். (எனக்கு இந்த வாதம் இன்றுவரை ஒப்பவில்லை. கண்கட்டு வித்தை பார்த்த மாதிரி இருக்கும், எங்கே ஏமாந்தோம் என்றும் சொல்லத் தெரியாது.)

அதற்குப் பிரான்சிலேயே மார்முத்தியே மடத்துத் துறவி கௌனிலோ என்பவர் மறுப்பு எழுதினார். அவரும் விசுவாசிதான், ஆனாலும் 'மதிகேடன் சார்பில்' என்ற தலைப்பில் எழுதினார். எல்லாத் தீவையும்விடச் சிறந்த ஒரு தீவு கடலில் எங்கோ தொலைந்து கிடக்கிறது என்று நான் உங்களுக்குச் சொன்னால் புரியும், ஆனால் அது சிறந்தது என்பதாலேயே இருந்தாக வேண்டும் என்று சொன்னால் நீங்கள் என்னைக் கேலி செய்ய மாட்டீர்களா என்று கேட்டார். ஆன்செல்ம் கோபப்படவில்லை, சபைநீக்கம் செய்யுங்கள் என்று மேலிடத்துக்கு எழுதவில்லை. சந்தோஷப்பட்டு நன்றி சொல்லி, ஒரு பதிலும் எழுதினார். அப்புறம் செய்ததுதான் பெரிய காரியம்: இனிமேல் என் நூலைப் பிரதி எடுக்கிறவர்கள் கௌனிலோவின் மறுப்பையும் என் பதிலையும் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். தன்னைத் தோற்கடிக்கக்கூடிய வாதத்தைத் தன் புத்தகத்துக்குள்ளேயே வைத்துத் தைத்த மனுஷன், பிற்பாடு கான்டர்பரியின் பேராயராகவும் ஆனார். பகுத்தறிவுக்குப் பயந்தவர்கள் செய்கிற வேலையா இது?

பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதைப் பழக்கமாகவே ஆக்கிக்கொண்டார். அவருடைய 'சுமா தியோலொகியே' என்ற இறையியல் நூலில் எந்தக் கேள்வியை எடுத்தாலும் முதலில் வருவது எதிர்த்தரப்பு. கடவுள் இருக்கிறாரா என்ற இடத்தில் இல்லை என்பதற்கு இரண்டு காரணம் வைக்கிறார்: எல்லையற்ற நன்மை ஒன்று இருந்தால் தீமை இருக்க இடமே இருக்காதே என்பது ஒன்று, எல்லாவற்றையும் இயற்கையையும் மனித மனத்தையும் வைத்தே விளக்கிவிடலாம், கடவுள் எதற்கு என்பது இன்னொன்று. உங்கள் கட்டுரையாளர் மூன்று பக்கத்தில் சொன்னதை அவர் ஏழெட்டு வரியில் சொல்லிவிடுகிறார்.

பொன்னுலகமாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. 1277 மார்ச் 7-ஆம் தேதி, அக்குவினாஸ் செத்துச் சரியாக மூன்று வருஷம் ஆன அதே நாளில், பாரிஸ் ஆயர் தாம்பியே 219 கருத்துகளைத் தள்ளிவைத்துத் தடை போட்டார், அதில் சிலது அக்குவினாஸையும் உரசியது. 1323-இல் அவரைப் புனிதராக்கியபிறகு 1325-இல்தான் அவரைத் தொட்ட மட்டும் அந்தத் தடையை விலக்கினார்கள். கலிலேயோ கதை உங்களுக்கே தெரியும். எங்கள் புராட்டஸ்டண்ட் பக்கத்து லூத்தர், 1521-இல் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் கூட்டிய மன்றத்தில் வேதவாக்கியத்தாலோ தெளிவான நியாயத்தாலோ என்னை ஒப்புக்கொள்ள வையுங்கள் என்று நின்றவர், கடைசிக் காலத்துப் பிரசங்கத்தில் பகுத்தறிவைப் பிசாசின் வேசி என்று திட்டினார். ஒரே ஆள்தான். சண்டை இருந்தது என்பது உண்மை, ஆனால் அது பெரும்பாலும் வீட்டுக்குள் நடந்த சண்டை.

இன்னொரு பக்கத் தப்பும் எங்களிடம் உண்டு, அதைக் கட்டுரையாளர் தொடவேயில்லை. பெருவெடிப்பு ஆதியாகமத்தை நிரூபித்துவிட்டது என்று இப்போது மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். அக்குவினாஸோ, உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்பதை விசுவாசத்தால்தான் ஏற்கிறோம், பகுத்தறிவால் அதை நிரூபிக்க முடியாது, நொண்டி வாதங்களைக் கொண்டுபோனால் இதற்காகத்தான் நம்புகிறார்கள்போல என்று வெளியில் உள்ளவர்கள் சிரிப்பார்கள் என்று எழுதியிருக்கிறார். பெருவெடிப்புக் கருத்துக்கு வித்திட்ட ஜார்ஜ் லெமைத்ர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். 1951-இல் பன்னிரண்டாம் பயஸ் போப், விஞ்ஞானம் படைப்பின் அந்த முதல் கணத்துக்கே சாட்சி சொல்கிறது என்ற மாதிரி பேசியபோது லெமைத்ருக்கு அது பிடிக்கவில்லை. என் கொள்கை நாளைக்குத் தப்பாகலாம், அதன்மேல் கடவுளைக் கொண்டுபோய் உட்கார வைக்காதீர்கள் என்பதுதான் அவர் கவலை என்று எனக்குப் படுகிறது. எங்கே நிரூபிக்க முடியாது என்று சொல்வதும் பகுத்தறிவின் வேலைதானே.

கட்டுரையாளரிடம் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. என் பதினான்கு வயதுக் கேள்விக்கு அவர் வகுப்பில் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. அவர் இந்தக் கடிதத்துக்கு மறுப்பு எழுதினால் அதைத் தனியாகப் பின் இதழில் போடாமல், இடம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, இரண்டையும் ஒரே பக்கத்தில் சேர்த்துப் போடுங்கள். என் கடிதத்தில் வெட்ட வேண்டி வந்தால் லூத்தரைப் பற்றிய வரிகளை வெட்டிக்கொள்ளலாம், கௌனிலோவை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர்,
பாளையங்கோட்டை