அந்த வண்டியை வெட்டிவிடாதே, மச்சான்

ஜீலாங்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

இத்தனை மாதம் பதில் போடவில்லை என்று திட்டியிருந்தாய். வாங்கிக்கொண்டேன். வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது சீரியலில் யார் புடவையில் என்ன பார்டர் என்றுகூடச் சொல்கிறார். பெரியவள் மெல்பர்னில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நம் குண்டுப்பயல் போன வாரம் போன் செய்தான், இன்னும் அந்த முன்னூறு ரூபாயைப் பற்றித்தான் பேசுகிறான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று பக்கம் உன் முதுகுவலி, டெக்சாஸ் வெயில், மருமகன் புராணம் எல்லாம் எழுதிவிட்டு, கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறாய் பார், அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. பண்ணைக் கொட்டகையில் ஒரு 1955 ஃபோர்டு கிடக்கிறது, யாரோ ஸ்டேஷன் வேகனை வெட்டி பிக்கப் ஆக்கியிருக்கிறார்கள், ஸ்டியரிங் வலப்பக்கம், கிராமத்துத் தபால்காரருக்காக மாற்றியதாம், பண்ணைக்காரர் மலிவாகத் தருகிறார், வாங்கி ஸ்டியரிங்கை இடப்பக்கம் தள்ளிவிட்டுப் பின்பக்கத்தைக் கொஞ்சம் வெட்டிச் சீர்செய்யப் போகிறேன் என்கிறாய். கூடவே மூன்று படங்கள்.

டேய், அதை யாரும் வெட்டவில்லை. நான் பார்த்தவரை அது ஆஸ்திரேலிய யூட், அதாவது கார் உடலிலேயே பின்பக்கம் திறந்த சரக்குத் தட்டு சேர்த்துச் செய்த வண்டி. ஃபோர்டு மெயின்லைன். இதோ என் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் செய்த வண்டி. அதன்மேல் நீ கட்டர் வைக்கப் போகிறாய்!

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று கேட்பாய். உன் வீட்டு வாசலில் நிற்கிறதே அந்த 56 ஃபோர்டு எஃப்-100 பிக்கப், முதலில் அதன் பக்கவாட்டில் போய் நின்று பார். கேபின் தனி, சரக்குப் பெட்டி தனி. இரண்டுக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி. பின் மட்கார்டு பெட்டிக்கு வெளியே புடைத்துக்கொண்டிருக்கும், அதற்கு முன்னால் கால் வைத்து ஏற ஒரு படி. அமெரிக்க பிக்கப் லாரியிலிருந்து வந்தது. சேஸிஸ்மேல் கேபினை ஒரு பக்கம் பூட்டு, பெட்டியை இன்னொரு பக்கம் பூட்டு, பாரம் ஏற்றிக் குழியில் விட்டால் சேஸிஸ் முறுக்கும், இரண்டும் அதனதன் போக்கில் அசையட்டும். பெட்டி நசுங்கினால் கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம். அருமையான யோசனைதான், நான் குறை சொல்லவில்லை. 1955-இல் செவ்ரோலே கேமியோ என்று ஒன்று விட்டது, பக்கவாட்டை வழவழவென்று ஆக்க ஃபைபர் பலகைகளை வெளியே ஒட்டினார்கள். அதிலும் அந்த இடைவெளி அப்படியேதான் இருக்கும்.

இப்போது நீ அனுப்பிய இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார். கதவின் பின் விளிம்பிலிருந்து டெயில் லைட் வரைக்கும் விரலை ஓட்டு. எங்கேயாவது நிற்கிறதா? கேபின் சுவரும் சரக்குச் சுவரும் ஒரே தகடு. யூட் காரிலிருந்து வந்தது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். பக்கத்து வீட்டுப் பெரியவர் இங்கே ஃபோர்டு ஆலையில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். அவரிடம் படத்தைக் காட்டினேன். ஸ்டியரிங் பக்கமே அவர் கண் போகவில்லை. கதவுக்குப் பின்னால் ஓடும் அந்தக் கோட்டைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “இது அங்கே எப்படிப் போனது?” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கோட்டுக்கு ஒரு கதை இருக்கிறது. உனக்கு முன்பே சொல்லியிருப்பேன், நீ கேட்டிருக்க மாட்டாய். 1932-இல் இங்கே கிப்ஸ்லாந்துப் பக்கத்து விவசாயி ஒருவரின் மனைவி ஃபோர்டுக்குக் கடிதம் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு நனையாமல் போக வேண்டும், திங்கட்கிழமை அதே வண்டியில் பன்றிகளைச் சந்தைக்கு ஏற்ற வேண்டும், அப்படி ஒன்று செய்து தாருங்கள் என்று. பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த நேரம். வேலைக்கு உதவும் வண்டி என்றால் விவசாயிக்கு வங்கி கடன் தரும், சொகுசுக் காருக்குத் தராது. ஆக, ஒரே வண்டி இரண்டுமாக இருந்தாக வேண்டும். ஜீலாங் ஆலையில் லூ பேண்ட் என்று இருபது வயதைக் கொஞ்சம் தாண்டிய இளைஞர் அந்த வேலையை எடுத்தார். கார் கேபினை வைத்துக்கொண்டு, அதன் பக்கத் தகட்டை அப்படியே பின்னால் நீட்டிச் சரக்குச் சுவராக்கினார். 1934-இல் வண்டி வெளியே வந்தது. 1200 பவுண்டு, அதாவது ஐந்நூறு கிலோவுக்கு மேல் சுமந்தது. கேபினில் கார் போல ஏற்றி இறக்கும் கண்ணாடி, மெத்தை இருக்கை. ஹென்றி ஃபோர்டு அதைப் பார்த்து ‘கங்காரு விரட்டி’ என்று சொன்னதாக இங்கே இன்னும் சொல்வார்கள். பேண்ட் 1987-இல் இறந்தார். தான் வடிவமைத்த 1934 மாடலைப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருந்தவர், அதை ஓட்டிப் போகும்போதே விபத்தில் போய்விட்டார். ஒரு மனிதர் இருபது சொச்ச வயதில் வரைந்த கோடு அவரோடு கடைசிவரை வந்திருக்கிறது.

உங்கள் ஊரில் இந்த யோசனை வந்துசேர இருபது வருடத்துக்கு மேல் ஆனது. ஃபோர்டு ராஞ்செரோ 1957-இல்தான். அதற்குப் போட்டியாக செவ்ரோலே எல் கமினோ 1959-இல். உன் பண்ணைக்காரர் சொல்வது இங்கேதான் உதைக்கிறது. 55 ஃபோர்டு முகம், பின்னால் சரக்குத் தட்டு. அந்த வருடத்தில் அமெரிக்க ஃபோர்டு அப்படி ஒரு கார் விற்கவே இல்லை. அதனால்தான் அவரும் யாரோ கைவேலை செய்தது என்று முடிவு கட்டிவிட்டார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மெயின்லைன் என்றால் உங்கள் பக்கம் 1952 முதல் 1956 வரை விற்ற மலிவு விலைக் கார்கள். இங்கே அந்தப் பெயரில் 1959 வரைக்கும் யூட் விற்றார்கள். நீங்கள் 1957-இல் உடலையே மாற்றிவிட்டீர்கள், நாங்கள் அதே உடலை வைத்து இன்னும் இரண்டு வருடம் ஓட்டினோம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீயே தேடிப்பிடித்து என்னை மடக்குவாய். கேபினும் பெட்டியும் ஒன்றாய் இருந்தாலே ஆஸ்திரேலியா என்று அர்த்தமில்லை. 1961-இல் உங்கள் ஃபோர்டே எஃப்-100-ஐ அப்படிச் செய்து பார்த்தது. கனத்த பாரம் ஏற்றினால் உடல் வளைந்து கதவு சிக்கிக்கொள்கிறது என்று புகார் வந்தது. 1963-ஓடு கைவிட்டுவிட்டார்கள். ஆனால் அது உயரமான லாரி முகம், உன் படத்தில் இருப்பது கார் முகம். குழப்பமே வராது.

அப்புறம் அந்த வலப்பக்க ஸ்டியரிங். தபால்காரர் கதை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, உங்கள் கிராமத் தபால்காரர்கள் வலப்பக்கம் உட்கார்ந்து கடிதம் போடுவார்கள் என்பதும் உண்மை. ஆனால் உன் மூன்றாவது படத்தில் டேஷ்போர்டு முழுவதும் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் மாறியிருக்கிறது. மீட்டர் வலப்பக்கம், சாமான் வைக்கும் சிறு பெட்டி இடப்பக்கம். வீட்டுக் கொட்டகையில் ஸ்டியரிங்கை மாற்றுகிறவன் டேஷ்போர்டுக்கே புதிதாக அச்சு அடித்துக்கொண்டிருப்பானா? இந்த வண்டிகளுக்கான பாகங்கள் பெட்டி பெட்டியாகக் கனடா ஃபோர்டிலிருந்து வந்தன. 1925-இல் ஜீலாங்கில் ஆலை வைத்தது அமெரிக்க ஃபோர்டு இல்லை, கனடாக் கம்பெனிதான். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள் செய்த பொருளுக்கு வரி குறைவு. அடுத்த வருடம் இந்தியாவில் ஃபோர்டு கம்பெனி தொடங்கியதும் அதே கனடாக்காரர்கள்தான். நம் பட்டறை முதலாளி ‘கனடா இன்ஜின், கனடா இன்ஜின்’ என்று பெருமையடிப்பாரே, நாம் சிரிப்போமே, நினைவிருக்கிறதா?

சரி, நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு காந்தம், டார்ச் லைட் எடுத்துக்கொண்டு போ. கதவுக்குப் பின்னாலிருந்து காந்தத்தை நகர்த்திக்கொண்டே வா, பட்டி பூசிய இடத்தில் பிடிப்பு விடும். வேகனை வெட்டியிருந்தால் ஜன்னல் இருந்த மட்டத்தில் நீளமாக வெல்டிங் ஓடியிருக்கும், மேலே எவ்வளவு பாலிஷ் போட்டாலும் தட்டின் உட்புறம் தடவினால் கைக்குத் தட்டுப்படும். கேபினின் பின் கண்ணாடியைச் சுற்றிப் பார், ஆலையில் செய்ததென்றால் கூரை ஒழுங்காக வளைந்து இறங்கியிருக்கும். பானட்டைத் திறந்து, கேபினுக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள தகட்டில் ஸ்டியரிங் கம்பி நுழையும் ஓட்டையைப் பார். இடப்பக்கம் ஒரு ஓட்டையை அடைத்த அடையாளம் இருந்தால் நான் தோற்றேன். அங்கேயே ஒரு பெயர்த் தகடு இருக்கலாம், துடைத்துப் படம் எடு. தட்டின் விளிம்பில் தார்ப்பாய் மாட்டும் கொக்கிகள், அல்லது கொக்கி இருந்த துளைகள் இருக்கின்றனவா என்றும் பார். வைப்பர் எந்தப் பக்கம் படுக்கிறது என்பதையும் விடாதே, ஸ்டியரிங்கை மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் வைப்பரை மறந்துவிடுவார்கள்.

எல்லாம் சரியாக இருந்தால், மச்சான், ஒரு திருகாணியைக்கூட மாற்றாதே. இங்கே இந்த வண்டிகள் உழைத்தே செத்தவை. ஆடு ஏற்றினார்கள், சிமெண்ட் ஏற்றினார்கள், கடற்காற்றில் துருப்பிடித்தபின் கொட்டகைக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். உன் பக்கத்து வறண்ட காற்றில் ஒன்று முழுசாக நிற்கிறது. இங்கே கார் செய்வதும் போய்விட்டது. ஃபோர்டின் கடைசி ஃபால்கன் யூட் 2016-இல் வந்தது, அந்த வருடமே ஃபோர்டு இங்கே உற்பத்தியை மூடியது. அடுத்த வருடம் இன்னொரு கார் கம்பெனியான ஹோல்டனும் மூடியது. பக்கத்து வீட்டுப் பெரியவரின் முகத்தைப் பார்த்த பிறகு அந்த ஸ்டியரிங் இடம் மாறுவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அண்ணன் போன பிறகு நீ ஸ்பானரைக் கையில் எடுக்கவே இல்லை என்று தங்கச்சி என்னிடம் சொன்னாள். எனக்குத் தெரியும் என்று அவளிடம் காட்டிக்கொள்ளாதே. இந்த மெயிலில்தான் முதல்முறையாக ‘வாங்கப் போகிறேன், செய்யப் போகிறேன்’ என்று எழுதியிருக்கிறாய். அது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுத்தில் வராது. அதனால் வாங்காதே என்று சொல்லவில்லை, கட்டாயம் வாங்கு. துருவைச் சுரண்டு, பிரேக்கைப் பிரி, இன்ஜினை இறக்கு, ஒரு வருடம் ஆனாலும் ஆகட்டும். அண்ணன் இருந்தால் டிங்கர் வேலையை உன்னைத் தொடவே விட்டிருக்க மாட்டார், இப்போது நீதான் செய்தாக வேண்டும். வலப்பக்க ஸ்டியரிங்கோடு டெக்சாஸ் ரோட்டில் ஓட்டக் கஷ்டம் என்று சொல்லாதே, ஊரில் நீ ஓட்டிப் பழகியதே அந்தப் பக்கம்தான்.

பண்ணைக்காரரிடம் ஆஸ்திரேலியா என்ற பேச்சை நீயாக எடுக்காதே என்று சொல்ல வாய் வருகிறது, ஆனால் அப்படிச் செய்யாதே. உண்மையைச் சொல்லி, நியாயமான விலை கொடு. பணம் குறைந்தால் நான் போடுகிறேன், குண்டுவின் முன்னூறு ரூபாய் மாதிரி இழுக்க மாட்டேன்.

சனிக்கிழமையே போய்ப் பார்த்துவிட்டுக் கூப்பிடு. இங்கே நடுராத்திரி ஆனாலும் எடுப்பேன். சேஸிஸ் எண்ணும் பெயர்த் தகடும் தெளிவாகத் தெரிகிற மாதிரி படம் அனுப்பு, பெரியவர் தினமும் சாயங்காலம் வேலியோரம் வந்து ‘ஏதாவது வந்ததா?’ என்று கேட்கிறார்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
பட்டறைப் பங்காளி