உமிரி ஏன் கருகவில்லை

அன்புள்ள மாப்ளே,

பதில் தாமதத்துக்கு நீ திட்டப்போவதை மொத்தமாக நேரில் வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. என் நரையெல்லாம் இப்போதுதான் அவள் கண்ணில் படுகிறது.

வேதாரண்யத்து வயலில் நெல் கருகுகிறது, வரப்போரத்து உப்புச் செடியான உமிரி மட்டும் கொழுத்து நிற்கிறது, தாவரவியல் படித்தவன் பதில் சொல் என்று எழுதியிருந்தாய். சரி, கேள்.

உப்பு மண்ணில் வேர் தண்ணீர் இழுக்கத் திணறும். நெல் உடனே இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். கரியமில வாயு குறைந்துபோகும், வெயில் குறையுமா? பச்சையம் வாங்கிய ஒளியைச் செலவழிக்க வழியில்லாமல் எலக்ட்ரான்கள் ஆக்சிஜன் மேல் போய் விழும். சூப்பராக்சைடு என்ற நச்சு ஆக்சிஜன் பிறக்கும், அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு வரும். பெருகினால் சவ்வு, புரதம், டிஎன்ஏ எதையும் விட்டுவைக்காது. சோடியம் செய்யும் கெடுதல் தனி.

இதை அடக்க நொதிகள் உண்டு. எஸ்ஓடி (சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ்) என்ற நொதி சூப்பராக்சைடைப் பெராக்சைடாக்கும். கேட்டலேஸ் அதைத் தண்ணீரும் ஆக்சிஜனுமாக உடைக்கும். ஆனால் மாப்ளே, இவை நெல்லிலும் இருக்கின்றன! இதுதான் என்னைப் பிடித்து ஆட்டுகிறது. சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் எஸ்ஓடி மரபணுவைப் பூசா பாசுமதியில் ஏற்றி, அது உப்பை மேலாகத் தாங்குவதை 2008இல் வெளியிட்டார்கள். நல்ல வேலைதான். ஆனாலும் ஒரு நொதியை மட்டும் கடன் வாங்கினால் நெல் உமிரியாகிவிடாது.

2014இல் தாவர ஆய்வாளர் ஷபாலாவும் கூட்டாளிகளும் ஆஸ்திரேலியாவிலிருந்து வேறொன்று சொன்னார்கள். அசல் உப்புச் செடிக்கு நச்சை அணைக்கும் ஆள்பலம் பெரிதாக வேண்டியதே இல்லையாம். நெருப்பே பற்றாமல் பார்த்துக்கொள்ளுமாம். உமிரி சோடியத்தைச் செல்லின் நடுக்குமிழியில் அடைத்துவிடும். வெண்கண்டல் இலைச் சுரப்பி வழியாக வெளியே தள்ளிவிடும் (பிச்சாவரத்தில் நீ நக்கிப் பார்த்தாயே, அதேதான்). அப்படியானால் எஸ்ஓடி எதற்கு? பெராக்சைடைச் சட்டென்று உண்டாக்கி, 'உப்பு வந்துவிட்டது, தயாராகு' என்று செடிக்குள் தகவல் அனுப்பத்தான் என்கிறார்கள். துனீசியக் கடற்கரைச் செடியான கேகிலேயில் உப்பு பட்டதும் பெராக்சைடு வேகமாக ஏறி, சீக்கிரமே இறங்கியும் விடுகிறது. எதிரி என்று நாம் திட்டியதே தூதுவனாகவும் இருக்கிறது. எனக்கு இந்தக் கட்சிதான் சரியாகப் படுகிறது. முட்டக்கண் வாத்தியாரிடம் சொன்னால் சண்டைக்கு வருவார்.

விளையாட்டு போகட்டும். கடன் வாங்கி நட்டாய் என்று தங்கச்சி சொன்னாள், மனசு கேட்கவில்லை. சித்தப்பா பேச்சைக் கேட்டு ஜிப்சத்தைக் கொட்டிவிடாதே. அது சோடியம் மிகுந்து இறுகிப்போன களர் நிலத்துக்கு. உப்பு மிகுந்த உவர் நிலம் என்றால் நல்ல தண்ணீர் கட்டி, வடிய விட வேண்டும். முதலில் மண்ணைச் சோதனைக்குக் கொடு, ரிசல்ட்டை எனக்கு அனுப்பு.

தை பிறந்ததும் வருகிறேன். உமிரிக் கூட்டு வைக்கச் சொல். உப்பு போட வேண்டாம் என்றும் சொல்.

உன்,
ஒல்லிக்குச்சி