31 ஜாக்கெட்டும் ஒரு நன்றியும்

அன்புள்ள எல்லாருக்கும்,

நேற்று ராத்திரி ஒன்பதரைக்குத்தான் பேக்கப் ஆனது. ஆஸ்பத்திரி, சிகிச்சை என்று போன ஐந்து மாதத்துக்கு அப்புறம் சீரியலில் முதல் நாள் ஷூட்டிங். மேக்கப்பைக் கலைத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

என்ன நடந்தது என்று மறுபடி சொல்லப் போவதில்லை. உங்களில் பாதிப் பேருக்கு என் ஸ்கேன் ரிப்போர்ட் என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு யூடியூப் சேனல் என் படத்துக்கு மாலை போட்டு, சோக வயலின் வாசித்து, கண்ணீர் அஞ்சலியே செலுத்திவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் அதைப் பார்த்தேன். தேர்ந்தெடுத்த போட்டோ மட்டும் நன்றாக இருந்தது. சரி, அவர்களுக்கும் ஒரு நன்றி.

இந்தத் தொழிலில் செட்டுக்கு வந்த நாளுக்குத்தான் சம்பளம். மாதம் 12 நாள் கால்ஷீட் என்றால் 12 நாள் காசு. படுத்துவிட்டால் ஒன்றும் கிடையாது. சீரியலோ யாருக்காகவும் நிற்காது. வாரத்துக்கு ஆறு எபிசோட் போக வேண்டும். ஒரு வாரத்துக்கான எபிசோட் கையிருப்பில் இருந்தாலே அது பணக்கார யூனிட். அதனால் ஒரு நடிகை வராமல் போனால் வழக்கமாக என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். திரையில் ஒரு அட்டை வரும்: 'இனி இவருக்குப் பதில் இவர்'. அப்படி அட்டை போட்டு இரண்டு பேர் இடத்தில் நானே போய் நின்றிருக்கிறேன். அவர்கள் ஏன் போனார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு போன் கூடப் போட்டதில்லை. படுத்திருந்தபோது அதுதான் அடிக்கடி ஞாபகம் வந்தது.

எனக்கு அந்த அட்டை விழவில்லை. வசனம் எழுதுகிறவர் என் பாத்திரத்தைக் காசிக்கு அனுப்பிவிட்டார். "கோமாவுல போடலாம்னுதான் முதல்ல பேசினோம் மேடம். ஆனா கோமான்னாலும் நீங்கதானே வந்து படுக்கணும்" என்றார். ஐந்து மாதம் ஒரு மாமியார் காசியில் என்னதான் செய்வாள் என்று கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்த உங்களுக்கு என் முதல் கும்பிடு. அப்புறம் டைரக்டர், புரொடக்‌ஷன் மேனேஜர், ரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற லைட்மேன் தம்பிகள், சங்கத்திலிருந்து வந்து பார்த்தவர்கள், ராத்திரி இரண்டு மணிக்கு முதுகைத் தடவிவிட்ட நர்ஸ் அம்மாக்கள், பில் கட்டுகிற இடத்தில் என் குரலைக் கேட்டுவிட்டு "டிவியில வேற மாதிரி பேசுவீங்களே" என்று சந்தேகப்பட்ட பெரியவர். பத்து வருஷமாக எனக்கு டப்பிங் கொடுக்கும் அக்காவின் குரல்தான் ஊருக்குத் தெரிந்த என் குரல். அந்த அக்கா தினமும் வாட்ஸப்பில் பேசி அனுப்பினார். என் குரலே என்னிடம் "சாப்பிட்டியா" என்று கேட்ட மாதிரி இருந்தது. இன்னும் எத்தனையோ பேர். ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்க்கிறேன்.

இந்த மடலை நான் எழுத உட்கார்ந்தது, எங்கள் உடைகளைப் பார்த்துக்கொள்ளும் காஸ்ட்யூமர் அண்ணனுக்காக.

பெயரைப் போடாதே என்று சொல்லிவிட்டார். சாலிகிராமத்துக்காரர். நான் 2002இல் ஒரு கல்யாண வீட்டுக் காட்சியில் சீர்த்தட்டு தூக்கிக்கொண்டு நின்ற நாளிலிருந்து என்னைப் பார்த்திருப்பவர். அப்புறம் நான் மகளானேன், மருமகளானேன், 36 வயதில் மாமியாரும் ஆனேன் (எனக்கு மகனாக நடிக்கிற தம்பி என்னைவிட நான்கே வயது சின்னவர், அது எங்கள் தொழிலின் கணக்கு). இத்தனைக்கும் எனக்குப் புடவை எடுத்துக் கொடுத்த கைகளில் அவர் கைதான் அதிகம். அவரிடம் நான் பேசியது என்ன? "அயர்ன் ஆச்சா?" "பின் எங்க?" "லேட்டாகுது." அவ்வளவுதான்.

போன மாதக் கடைசியில், ஷூட்டிங்குக்கு வரலாம் என்று டாக்டர் சொன்னதும் எனக்கு வந்த பயம் நடிப்பைப் பற்றியது இல்லை. ஜாக்கெட். இடது கை தோளுக்கு மேலே வராது. கொஞ்சம் வீக்கமும் இருக்கிறது. நைட்டியிலும் என் கூடப்பிறந்த அண்ணன் சட்டையிலும் ஐந்து மாதத்தைத் தள்ளிவிட்டேன். ஆனால் என் பாத்திரமோ பணக்கார வீட்டு மாமியார். பாதி ஜாக்கெட்டுக்கு முதுகில் கொக்கி, மீதிக்கு முழங்கை வரை இறுக்கிப் பிடித்த கை. அதற்குள் இந்தக் கையை எப்படி நுழைப்பது? யாரிடம் இதைச் சொல்வது? டைரக்டரிடம் சொன்னால் தயாரிப்பாளர் வரைக்கும் போகும், அப்புறம் அந்த அட்டை. யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் பழைய ஜாக்கெட் ஒன்றைப் போட்டுப் பார்த்து, பாதியில் மாட்டிக்கொண்டு, அம்மா வந்து கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார்.

நேற்று காலை ஆறே முக்காலுக்கு வளசரவாக்கம் ஷூட்டிங் வீட்டுக்குப் போனேன். மாடி அறையில் என் பெயர்ச் சீட்டு ஒட்டிய ஹேங்கரில் வரிசையாக ஜாக்கெட்டுகள். முதல் ஜாக்கெட்டை எடுத்தேன். எடையே வேறு மாதிரி இருந்தது. திருப்பிப் பார்த்தால் முதுகுக் கொக்கியைக் காணோம். முதுகு மூடித் தைத்து, கொக்கி முன்னால் வந்திருந்தது. இடது தோள் தையலைக் கழுத்திலிருந்து பிரித்து, அதே கோட்டில் கையையும் விளிம்பு வரைக்கும் வெட்டி, உள்ளே பட்டி கொடுத்து, ஒரு விரல்கடை இடைவெளியில் டிச் பட்டன் வைத்திருந்தார். வலது கையை நுழைத்து, துணியை முதுகுப் பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து, முன்னால் கொக்கி போட்டு, கடைசியில் இடது தோளில் டிக் டிக் என்று அழுத்தினால் போதும். இடது கை இருந்த இடத்திலேயே இருக்கலாம். பக்கத் தையலைப் பிரித்து உள்ளே மடித்து வைத்திருந்த துணியையும் இடது பக்கம் மட்டும் விட்டிருந்தார். நூல்கூட அந்தந்த ஜாக்கெட் நிறத்திலேயே.

முந்தானை இடது தோளில்தானே விழுகிறது? பட்டன் எதுவும் கேமராவுக்குத் தெரியாது. ஆனால் என் பாத்திரம் மடிப்பெடுத்துப் பின் குத்துகிற பாத்திரம், மடித்துக் குத்தினால் கை வெளியே தெரிந்துவிடும். அதற்கும் அவரே வழி கண்டுபிடித்து, டைரக்டரிடம் போய்ப் பேசியிருக்கிறார். "இனிமே ஒத்தை முந்தானையா விட்டுக் கட்டட்டும் சார். காசிக்குப் போய்ட்டு வந்தவ கொஞ்சம் மாறித்தானே இருப்பா?" டைரக்டர் அதை வசனமாகவே வைத்துவிட்டார். மருமகள் அதைச் சொல்லும் காட்சியை அடுத்த வாரம் பார்ப்பீர்கள். கையைப் பற்றி டைரக்டரிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மொத்தம் 31 ஜாக்கெட். அதில் பாட்டில் பச்சையில் ஒன்று. இடது கையில் ஆரி வேலையில் ஒரு மயில். நேராக வெட்டியிருந்தால் வெட்டு மயிலின் கழுத்தில் போயிருக்கும். நேர்கோட்டை விட்டு விலகி, மயிலுக்குப் பின்பக்கமாக வளைத்து வெட்டி, உதிர்ந்த மணிகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கோத்திருந்தார். எப்படியும் முந்தானைக்குள் மறையப்போகிற மயில். "இதை யாருண்ணே பார்க்கப் போறாங்க?" என்றேன். "நீ பார்ப்பியேம்மா" என்று சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டியைத் தேடப் போய்விட்டார்.

என் கை இப்படி என்று அவருக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. இரண்டாவது மாதம் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஒரு டஜன் மலைப்பழம் கொண்டுவந்தார், ஐந்து நிமிஷம் நின்றார், போனார். அந்த ஐந்து நிமிஷத்தில் நான் தண்ணீர் டம்ளரை எப்படி எடுத்தேன் என்று பார்த்திருக்கிறார்.

இதோடு ஒன்றைச் சொல்லாவிட்டால் இந்த மடல் பொய்யாகிவிடும். சில வருஷம் முன்பு வேறொரு சீரியலில், ஒரு பந்தி காட்சிக்கு நான் மெரூன் புடவையில் வந்து நின்றேன். முந்தின காட்சியின் தொடர்ச்சிப்படி நீலம் கட்டியிருக்க வேண்டும். மூன்று ஷாட் எடுத்த பிறகுதான் தெரிந்தது. முழு யூனிட் முன்னாலும் அவரைக் கத்தினேன். "எத்தனை வருஷமா வேலை பார்க்கறீங்க" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு நீலத்தை எடுத்துவந்தார். அவரிடம் ஒரு கன்டினியூட்டி நோட்டு உண்டு, நீளமான கணக்கு நோட்டு. காட்சி எண், புடவை, வளையல், பொட்டு அளவு, பூ எந்தப் பக்கம், எல்லாம் அதில் இருக்கும். அன்று அவர் நீலத்தைத்தான் எழுதி, எடுத்து வைத்திருந்தார். மெரூனை எடுத்துக் கட்டியது நான். ஒரு பக்கத்தைத் திறந்து காட்டியிருந்தால் போதும். காட்டவில்லை. ஒரு உதவி இயக்குநர் சொல்லித்தான் பிறகு எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த நாள் கொஞ்சம் சிரித்துப் பேசினேன், அதோடு கணக்கைத் தீர்த்துக்கொண்டேன்.

இன்னொன்று. கொரோனாவால் 2020 மார்ச் 19இல் எல்லா ஷூட்டிங்கும் நின்றதல்லவா, மே கடைசியில் 20 பேரை வைத்து எடுக்கலாம் என்றார்கள், அப்புறம் அதை 60 ஆக்கினார்கள். அந்த 20 பேர் பட்டியலில் என் பெயர் இருக்கிறதா என்று மேனேஜருக்குப் போன் மேல் போன் போட்டேன். காஸ்ட்யூமர் பெயர் இருக்கிறதா என்று கேட்கவில்லை. அந்த இரண்டரை மாதம் அவர் வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

நேற்று மதிய இடைவேளையில் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். என் பக்கத்தில் வழக்கமான வரிகள். வளையல் வலது ஆறு, இடது வேண்டாம். பொட்டு நடுத்தரம். அதற்குக் கீழே பென்சிலில்: 'ஆரத்தி சீன் வந்தால் முன்னாடியே சொல்லணும். இடது கையில் தட்டு வேண்டாம்.' அதற்கும் கீழே, அடிக்கோடு போட்டு: 'கேட்கக் கூடாது.' என்னிடம் எதையும் கேட்கக் கூடாது என்று தனக்குத்தானே எழுதிக்கொண்டிருக்கிறார்.

சாப்பாட்டு இலையை அப்படியே வைத்துவிட்டு மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அடுத்த காட்சி அழுகைக் காட்சி. கிளிசரின் தேவைப்படவில்லை, டைரக்டர் ஒரே டேக்கில் ஓகே சொல்லிவிட்டார். கைதட்டல் எனக்குக் கிடைத்தது. அவர் அப்போது கீழே அடுத்த காட்சிப் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணே, மெரூன் புடவை விஷயத்துக்கு இத்தனை வருஷம் கழித்து, எல்லாரும் படிக்கிற இடத்தில் மன்னிப்புக் கேட்கிறேன். தனியாகக் கத்தவில்லையே நான். இனி புதுசாக எந்த சீரியலில் கையெழுத்துப் போட்டாலும், என் கால்ஷீட்டுக்கு முன்னால் உங்கள் பெயரைக் கேட்பேன். டைட்டிலில் 'உடைகள்' என்று வந்து படிப்பதற்குள் ஓடிவிடுகிற அந்த வரியை ஒரு மூச்சு நேரமாவது நிறுத்தச் சொல்லி எடிட்டர் தம்பியிடம் நேற்றே சண்டை போட்டுவிட்டேன். செய்கிறேன் என்றான், பார்க்கலாம்.

31 ஜாக்கெட்டையும் போட்டுப் பார்த்துவிட்டேன், 30 சரியாக இருக்கிறது. அந்தப் பாட்டில் பச்சையில் மட்டும் மூன்றாவது கொக்கி கொஞ்சம் பிடிக்கிறது. அவசரமில்லை, திங்கட்கிழமை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் அண்ணே.