ஃபியேசோலேயில் நீ கேட்ட கேள்விக்கு

அக்கா,

விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதென்று முடிவெடுத்துவிட்டேன். வீட்டில் என் பங்கு உனக்கு. தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே "உன் இஷ்டம்" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் ஏன் என்று கேட்காதே. நம் இருவரையும் பற்றி ஆளுக்கொரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. நான் சொன்னதாகவும் ஒன்று இருக்கட்டும். தொகை, மருத்துவமனைச் செலவு, யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் இங்கே இழுக்கப் போவதில்லை. படிக்கிறவர்களில் யார் இருப்பார்கள் என்று உனக்கே தெரியும்.

ஃபுளோரன்சுக்கு நீ வந்தது எதற்கு என்பதும் நமக்குள் இருக்கட்டும். மாலை ரோம் ரயிலுக்கு முன் அரை நாள் கையில் இருந்தது. அருங்காட்சியக வரிசையில் நிற்க உன் முழங்கால் இடம் கொடுக்காது என்று ஏழாம் எண் பஸ்ஸில் நகரத்துக்கு மேலே இருக்கும் மலையூரான ஃபியேசோலேவுக்கு அழைத்துப் போனேன். அங்கே ஏற்றம் அதைவிட மோசம். "மலைக்கோட்டையிலாவது படி உண்டு, இங்கே சுவரைப் பிடித்துக்கொண்டல்லவா ஏற வேண்டியிருக்கிறது" என்றாய். நான் முன்னால் நடந்துகொண்டிருந்தேன். உன் கையைப் பிடித்திருக்கலாம்தான். ஆனால் பிடித்தால் உதறுவாய் என்பதும் எனக்குத் தெரியும்.

ரோமானிய அரங்கின் கல்வரிசையில் உட்கார்ந்து எவர்சில்வர் டப்பாவைத் திறந்தாயே, அந்தப் புளியோதரை வாசனை இன்னும் மறக்கவில்லை. காவலர் ஏதாவது சொல்வாரோ என்று எனக்குக் கூச்சம். மூடியில் கொஞ்சம் வைத்து, வேர்க்கடலையைப் பொறுக்கி என் பக்கம் தள்ளினாய். கூச்சத்தை மறைக்க நான் வரலாறு பேசினேன். இது ரோமானியருக்கும் முந்தி இங்கே வாழ்ந்த எட்ருஸ்கர்கள் கட்டிய ஊர், ஃபுளோரன்சைவிடப் பழையது, அவர்களுடைய மதில் கற்கள் இன்னும் நிற்கின்றன, 1125இல் கீழே இருந்த நகரம் ஏறி வந்து இதைப் பிடித்துக்கொண்டது என்றெல்லாம். "பின்னால் பிறந்தது மூத்ததை விழுங்கிவிட்டதாக்கும்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பிறகு சான் பிரான்செஸ்கோ மடத்துக்கு ஏறும் வழியில் அந்தப் பூங்கா. கராபினியேரி என்ற இத்தாலியக் காவல்படையைச் சேர்ந்த மூன்று காவலர்களின் நினைவுச் சின்னம். அவர்கள் கதையைச் சொன்னது நான்தான். 1944 ஆகஸ்ட். ஜெர்மன் ஆக்கிரமிப்புக்கு எதிரான இயக்கத்துக்கு ரகசியமாக உதவிக்கொண்டிருந்தவர்கள், ஜெர்மானியர் கையில் சிக்காமல் தப்பி, நீ புளியோதரை சாப்பிட்ட அதே இடிபாடுகளுக்குள்தான் ஒளிந்திருந்தார்கள். ஊரில் பத்துப் பேரைப் பிணை பிடித்து, காவலர்கள் வராவிட்டால் இவர்களைச் சுடுவோம் என்றது ஜெர்மன் படை. செய்தி எட்டியதும் மூவரும் தாமாகவே திரும்பி வந்தார்கள். ஆகஸ்ட் 12 அன்று ஜெர்மானியர் அவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். பத்துப் பேரும் பிழைத்தார்கள். மூவருக்கும் இருபதை ஒட்டிய வயது. கீழே ஃபுளோரன்சில் விடுதலைக்கான எழுச்சி முந்தின நாள்தான் தொடங்கியிருந்தது.

நீ பெயர்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்: "அந்தப் பத்துப் பேரில் யாராவது இவர்களிடம் ஒரு வார்த்தை சொன்னார்களாடா?"

"சொல்வதற்கு இவர்கள் உயிரோடு இல்லையே."

"உயிரோடு இருப்பவர்களிடமாவது சொல்லலாம்."

பஸ் நேரம் பார்ப்பதாகச் சொல்லி நான் கைப்பேசியை எடுத்தேன். பஸ் அடிக்கடி வரும் என்பது நம் இருவருக்கும் தெரியும்.

அந்த வார்த்தையை இப்போது சொல்கிறேன். அப்பாவின் கடைசி வருடங்களில் இரவெல்லாம் விழித்திருந்தது நீ. புரட்டிப் படுக்கவைத்தது நீ. உன்னால்தான் நான் இங்கே படித்தேன், இங்கேயே தங்கினேன். நன்றி அக்கா. மன்னித்துக்கொள்.

ஆனால் ஒன்று. அந்த மூவரும் திரும்பி வந்தபோது யாருக்கும் கணக்கு எழுதி வைக்கவில்லை. நீ எழுதினாய். "நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பெட்டியில் துணி அடுக்கியதும் நீதான். போனவன் என்று ஊரெல்லாம் சொன்னதும் நீதான். மாதாமாதம் வந்த பணம் யார் வாயிலும் வருவதில்லை. வேண்டியதை நேராகக் கேட்கவே மாட்டாய், கேட்காததைக் கொடுக்கவில்லை என்று மட்டும் நினைவு வைத்திருப்பாய். ஒரு மலையூரில் செத்துப்போன மூன்று பையன்களை நடுவில் வைத்துக்கொண்டுதான் என்னிடம் கேட்க வேண்டுமா?

சரி, இதை நீக்கிவிடலாமா என்று யோசித்தேன். நீக்கவில்லை. பத்திரத்தை இதோடு சேர்த்துத்தான் தருகிறேன். பரிசு என்று யாரும் பெயர் வைக்க வேண்டாம், பிராயச்சித்தம் என்றும் வேண்டாம். நீ இருந்த வீடு, உன் பெயரில் இருக்கட்டும், அவ்வளவுதான்.

பொங்கல் விடுமுறைக்கு வருகிறேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் தேதி வாங்கி வை. மாடி அறையில் இருக்கும் என் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடாதே, நான் வந்து பிரித்துக்கொள்கிறேன். சாட்சிக் கையெழுத்துக்கு மட்டும் பெரியப்பா வீட்டிலிருந்து யாரையும் கூப்பிட வேண்டாம். எதிர்வீட்டு வாத்தியாரைக் கேள், அவர் கேள்வி கேட்காமல் போடுவார்.

தம்பி